முத்துக்குளித்த கரையும் ஓவியன் கண்ணும்

பாழடைந்த கட்டடங்களை ஓவியர்கள் விரும்பி வரைவதற்குக் காரணம் யாது? நேற்றுக் கட்டி முடித்த வீட்டில் காணாத அழகொன்று, இடிந்து சரிந்த சுவரில் எவ்வாறு வந்து குடியேறுகிறது? ஓவியம் பயிலும் மாணவர் பலர் இவ்வினாவை என்னிடம் எழுப்பியதுண்டு. கல்லின் வெடிப்பில் வேரூன்றிய ஆலங்கன்றும், துருவேறிய தண்டவாளத்தின் மீது படர்ந்த கொடியும், கூரையிழந்த மண்டபத்துக்குள் இறங்கும் வெயிலும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. மனிதன் கைவிட்டதை இயற்கை மீட்டுக்கொண்டது என்று கூறி நாம் ஒருவகை ஆறுதலும் அடைகின்றோம். மேனாடுகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களும் ஆலைகளும் கற்குழிகளும் நிலக்காட்சி ஓவியத்துக்குரிய பொருள்களாகிப் பல காலமாகின்றது.

அத்தகைய ஓவியங்களைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் எழும் கேள்வி வேறு. அந்த இடத்தில் உழைத்தவர்கள் எங்கே? சுவர் படத்தில் இருக்கிறது. சுவரை மூடிய கொடியும் இருக்கிறது. கொடியில் வந்தமர்ந்த குருவியைக்கூட ஓவியன் மறக்கவில்லை. அச்சுவரின் நிழலில் வியர்வை சிந்தியவன் மட்டும் காணப்படவில்லை. அவன் மறைந்த பின்னரே அந்த இடம் அழகாயிற்றா? அல்லது அழகாகத் தோன்றவேண்டும் என்பதற்காக அவனை நாம் மறைத்துவிட்டோமா?

இதனைக் கலைத் தத்துவமாக மட்டும் ஆராய்வதைவிட, நம் மண்ணிலுள்ள ஓரிடத்தைக் கண்முன் நிறுத்தி ஆராய்வது பயனுடையது. மன்னார்க் கரையில் அதற்குத் தக்க இடம் ஒன்று உண்டு. அதுதான் அரிப்பு.

அரிப்புக் கரை

மடுவிலிருந்து புறப்பட்டு, மடுச் சந்தியில் மன்னார்ப் பெருந்தெருவை அடைந்து, மேற்கே முருங்கன் வரை சென்று, அங்கே சிலாவத்துறை வீதியில் திரும்பினால் நிலத்தின் முகம் மெல்ல மெல்ல மாறுவதைக் காணலாம். கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்கள் பின்னே போய்விடுகின்றன. உடைமரமும் பனையும் எருக்கும் முன்னே வருகின்றன. காற்றில் உப்பின் சுவை ஏறுகிறது. அநுராதபுரத்தைத் தொட்டு ஓடிவரும் அருவி ஆறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படுவது, அரிப்புக்கு அருகே கடலோடு கலக்கிறது.

கடலோரத்தில் செம்மண் மேடு ஒன்று. அதன் விளிம்பில், இன்று விழுமோ நாளை விழுமோ என்று நிற்கின்றன ஒரு பெருங்கட்டடத்தின் எஞ்சிய சுவர்கள். ஊர் மக்கள் இதனை அல்லிராணிக் கோட்டை என்று வழங்குவர். அருச்சுனனை எதிர்த்து நின்ற அல்லியின் கதை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பேர்பெற்றது. முத்து விளையும் கரையை அந்த அரசியின் நாடாகக் கருதியதில் வியப்பில்லை. ஆயினும் வரலாறு கூறுவது வேறு. இலங்கையின் ஆங்கிலேயத் தேசாதிபதியாக 1798 முதல் 1805 வரை இருந்த பிரெடெரிக் நோர்த் என்பவர், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டுக் கட்டுவித்த மாளிகை இது. 1801இல் தொடங்கிய வேலை 1804இல் முடிந்தது. பண்டைக் கிரேக்கரின் கட்டடக்கலையில் டொரிக் எனப்படும் தூண் முறையைத் தழுவி எழுந்தமையால் ஆங்கிலேயர் இதற்கு 'டொரிக்' என்றே பெயரிட்டனர்.

இக்கரையில் காலையும் மாலையும் தாளும் வண்ணமும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். காலை வெயில் பின்னிருந்து வருவதால், கடலை நோக்கிய சுவர் நீலநிழலில் ஆழ்ந்திருக்கும். மாலையிலோ அதே சுவர் பழுத்த பனம்பழத்தின் நிறம் கொள்கிறது. பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரிகிறது. பூச்சு எஞ்சிய இடங்களில் மங்கலான வெண்மை. கீழே மணலில் அடம்பன் கொடி. அதன் ஊதாப் பூக்கள் நண்பகலில் வாடிவிடும். அப்பால் இராவணன் மீசை எனப்படும் புல் காற்றில் உருள்கிறது. ஓவியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செம்மை, வெண்மை, பசுமை, நீலம் ஆகிய நான்கும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன.

இவ்வளவோடு எழுந்துவிடலாம். பலர் அவ்வாறே எழுந்துவிடுகின்றனர். ஆனால் இந்த மேடு காட்சிக்காக உண்டான இடமன்று. இது ஒரு பெருந்தொழிலின் களம்.

ஒரு பருவத்து நகரம்

மன்னார் வளைகுடாவில் இக்கரைக்கு எதிரே, கடலடியில் பாறைத் திட்டுகள் பல உள்ளன. கடலோடிகள் அவற்றைப் 'பார்' என்பர். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. முத்துச்சிப்பி அவற்றில் பற்றி வளர்கிறது. முத்துக்குளிக்கும் பருவத்துக்குச் சிலாபம் என்று பெயர். சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரிலும் அச்சொல்லே மறைந்திருக்கிறது. சிலாபத்துறையே மருவி அவ்வாறாயிற்று என்பர்.

சிப்பிகள் முதிர்ந்தன என்று அரசாங்கம் அறிவித்ததும், மாசி பங்குனி மாதங்களில் ஆளில்லாத மணற்கரையில் ஒரு நகரம் எழும். கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், யாழ்ப்பாணத்தாரும், மன்னாராரும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியரும் வந்து கூடுவர். வணிகர், தரகர், முத்துக்குத் துளையிடுவோர், சோறு விற்போர், நீர் சுமப்போர் எனப் பல்லாயிரவர் ஓலைக் குடிசைகளில் தங்குவர். நள்ளிரவில் பீரங்கி முழங்கும். தரைக்காற்றில் படகுகள் பாரை நோக்கிச் செல்லும். பிற்பகற் கடற்காற்றில் அவை மீளும்.

பழைய நாளில் ஒரு படகில் முத்துக்குளிப்போர் 10 பேர் இருப்பர். ஐவர் மூழ்க, ஐவர் இளைப்பாறுவர். கனத்த கல்லொன்றைக் கயிற்றிற் கட்டி, அதன்மீது காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவன் கீழே போவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். ஒருவன் மூச்சு மற்றவன் கையில் இருந்தது. சுறாவுக்கு அஞ்சியோர்க்கு ஆறுதலாகக் 'கடல்கட்டி' எனப்படும் மந்திரக்காரர் கரையில் இருந்தனர். சுறாவின் வாயைக் கட்ட அவர்களால் இயலும் என்பது நம்பிக்கை. கணக்கில் மிகக் கண்டிப்பான ஆங்கிலேய அரசாங்கமும் அவர்களுக்கு ஊதியம் கொடுத்தது என்றால், அவர்களின்றி எவனும் கடலில் இறங்கான் என்பதை அது நன்கு அறிந்திருந்தது எனலாம்.

கொண்டுவந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் வேலியடைப்புக்குள் எண்ணிப் பிரிக்கப்பட்டன. 1905ஆம் ஆண்டளவில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்க்கு. மற்றை இரு பங்கும் அரசாங்கத்துக்கு. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்திற் போயிற்று. வாங்கியவர் சிப்பியை வெயிலில் குவித்து அழுகவிட்டுப் பின் கழுவி முத்தெடுத்தனர். அந்த நாற்றமும், இலையான் மொய்ப்பும், நோயும் பருவம் முடியும்வரை கரையைவிட்டு நீங்கவில்லை.

1905ஆம் ஆண்டுச் சிலாபமே வரலாற்றில் மிகப் பெரியது. முந்நூறுக்கு மேற்பட்ட படகுகளும், ஏறத்தாழ 5,000 முத்துக்குளிப்போரும் கூடினர். அள்ளிய சிப்பி எட்டுக் கோடிக்கும் மேல். அடுத்த ஆண்டு, அரிப்புக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் அமைந்த பாசறையில் இளம் அதிகாரியாகப் பணியாற்றினார் லெனாட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகப் புகழடைந்த அவர், அந்த அனுபவத்தை ஒரு சிறுகதையாக எழுதினார். 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலிலும் விவரித்தார். கரையின் அழகினும் அழுகிய சிப்பியின் நாற்றமும், உழைத்து மாண்டவனின் உடலுமே அவர் எழுத்தில் அழுத்தம் பெறுகின்றன.

கடல் எப்பொழுதும் கொடுப்பதில்லை. 1838 முதல் 1854 வரை சிலாபமே நடைபெறவில்லை. 1891க்குப் பின் 1903 வரை மறுபடி வெறுமை. 1906இல் அரசாங்கம் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907ஆம் ஆண்டோடு விளைவு நின்றது. 1925இல் ஒருமுறை சிலாபம் கூடியது. அந்த ஆண்டுகளிலேயே யப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்துவிட்டது. நகரம் எழுவதும் கலைவதுமாயிருந்த கரையில், கலைந்த நகரம் பின்னர் எழவில்லை.

சிப்பிச் சுண்ணம்

டொரிக் மாளிகையைப் புதிதாயிருந்தபோது கண்டு எழுதியவர் ஜேம்ஸ் கோர்டினர் என்ற ஆங்கிலப் பாதிரியார். 1807இல் வெளிவந்த அவருடைய இலங்கை வருணனை நூல், இத்தீவின் கட்டடங்களுள் இதற்கு மிக உயர்ந்த இடம் கொடுக்கிறது. அவர் கூறும் செய்தியொன்று ஓவியர்க்குப் பெரிதும் பயன்படும். இச்சுவர்கள் செங்கல்லால் எழுந்தவை. மேலே பூசியது முத்துச்சிப்பியின் ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. அதனால் சுவர் சலவைக்கல் போல ஒளிர்ந்தது.

மாலை வெயிலில் இன்று நாம் வியந்து நிற்கும் அந்த வெண்மை எங்கிருந்து வந்தது? கடலடியில் மூச்சடக்கி அள்ளிய சிப்பி. முத்து வேறாய்ப் போனபின் எஞ்சிய ஓடு. அந்த ஓடே சுண்ணமாகி ஆள்வோர் மாளிகையின் மேனியாயிற்று. முத்துக் கழுத்தணியாகக் கடல் கடந்து போய்விட்டது. ஓடு மட்டும் இங்கே தங்கியது. ஆகவே இச்சுவரை வரைகின்றவன் உழைப்பை வரையாமல் தப்ப இயலாது. அவன் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அவன் தாளில் விட்டுவைக்கும் வெண்மை குளித்தவனின் கைப்பொருள். அறிந்து வரைந்தால் அது ஓவியம். அறியாது வரைந்தால் வெறும் நிறம் என்பது என் துணிபு.

மேனாட்டார் கண்ட வழிகள்

பாழிடங்களை வரைவதில் மேனாட்டார்க்கு நெடிய மரபு உண்டு. அதில் இரு வழிகளைப் பிரித்துக் காணலாம்.

முதல் வழிக்கு எடுத்துக்காட்டு வில்லியம் கில்பின். 1770இல் வை ஆற்றின் வழியே பயணம் செய்து, தாம் கண்டவற்றை 1782இல் நூலாக வெளியிட்டார் அவர். ஓவியத்துக்கு ஏற்ற காட்சி எது என்பதை ஆங்கிலேயர்க்கு வகுத்துக் காட்டிய நூல் அது. டின்டேர்ன் மடத்தின் இடிபாட்டை அவர் மிகவும் புகழ்ந்தார். ஆயினும் அதன் முகட்டுச் சுவர்கள் சீராக நிற்பது அவர் கண்ணுக்கு உறுத்தியது. சுத்தியலால் பக்குவமாகச் சிறிது உடைத்தால் நன்றாயிருக்கும் என்று எழுதினார்! மடத்தைச் சுற்றிக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகளை அவர் காணாமலில்லை. அருகே பெரிய இரும்பாலைகள் இயங்கியதையும் குறித்திருக்கிறார். ஆனால் அவர் வகுத்த காட்சிச் சட்டத்தினுள் அவை நுழையவில்லை. அவர்பின் வந்த ஓவியர்களும், இளைஞரான ற்றேணரும் 1790களில், கொடி படர்ந்த வளைவுகளையே போற்றி வரைந்தனர். பின்னர் அந்த இரும்பாலைகளும் ஓய்ந்தன. பள்ளத்தாக்கு மரமடர்ந்து நிற்கிறது. இன்று அங்கே செல்வோர் அதனை ஆதிநாள் முதல் அமைதி குலையாத இடமென எண்ணுவதில் என்ன வியப்பு?

இரண்டாவது வழிக்கு எடுத்துக்காட்டு போல் செசான். தென் பிரான்சில் எக்ஸ் என்னும் அவருடைய ஊருக்கு அருகே பிபெமுஸ் என்ற பழைய கற்குழி உள்ளது. உரோமர் காலம் தொட்டு அவ்வூரின் கட்டடங்களுக்குக் கல் கொடுத்த இடம் அது. கல்வெட்டுவோர் ஓய்ந்த பின்னர் வெட்டுவாய்களில் பைன் மரங்களும் புதர்களும் முளைத்தன. 1895 முதல் செசான் அங்கே ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் அக்குழியை வரைந்தார். அவர் ஓவியத்திலும் மனித உருவம் கிடையாது. எனினும் உழைப்பு மறையவில்லை. செங்காவிப் பாறை தளந்தளமாக, படிபடியாக நிற்கின்றதே, அந்தத் தளங்களை அமைத்தவன் கல்வெட்டி. அவன் உளி போன வழியிலே செசானின் தூரிகை போகிறது. அவற்றுக்கிடையே பசுமை புகுகிறது. மனிதன் வெட்டியதும் மரம் முளைத்ததும் சமமான கனத்தோடு ஒரே துணியில் நிற்கின்றன. நவீன ஓவியத்துக்கு அடிகோலியவர் என்று போற்றப்படும் ஒருவர், கைவிடப்பட்ட தொழிற்களம் ஒன்றில் தம் இலக்கணத்தைக் கற்றார் என்பது நாம் எண்ணிப்பார்க்கத்தக்கது.

ஜெர்மனியின் டூய்ஸ்பூர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை, பீற்றர் லாட்ஸ் என்னும் நிலக்காட்சிக் கலைஞர் பூங்காவாக்கினார். 1994இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. உலைகளை இடிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. துருவேறிய உலையும் அதனருகே தானாக முளைத்த செடியும் ஒருங்கே நிற்கின்றன. இதுவும் செசானின் வழியைச் சேர்ந்ததே.

கருப்பொருளில் தொழில்

இவற்றையெல்லாம் மேனாட்டாரிடமிருந்துதான் கற்கவேண்டுமா? வேண்டியதில்லை. நிலத்தைப் பற்றிய நம் இலக்கணமே இதனை முன்னரே வகுத்திருக்கிறது.

தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பவற்றோடு 'செய்தி' என்பதையும் சேர்க்கிறார். செய்தி என்பது இங்கே தொழில். மலை குறிஞ்சி ஆவதற்கு வேங்கை மட்டும் போதாது. தினை காப்பவளும் தேன் எடுப்பவனும் வேண்டும். கடற்கரை நெய்தலாவதற்கு அடும்பும் புன்னையும் மட்டும் போதா. வலை உணக்குபவரும் உப்பு விளைப்பவரும் வேண்டும். தொழிலை நீக்கிவிட்டால் எஞ்சுவது மணலும் நீருமே, அது திணையாகாது. ஆங்கிலேயர் நிலக்காட்சி என்று பிரித்துக் கண்டதைத் தமிழர் வாழ்வோடு சேர்த்தே கண்டனர்.

ஓவியத்திலும் இதற்குச் சான்றுண்டு. புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் மேல்விதானத்தைக் கண்டோர் அந்தத் தாமரைக் குளத்தை மறவார். சமணர் சமய நோக்கோடு தீட்டிய அக்குளத்தில் மீன் துள்ளுகிறது, அன்னம் நீந்துகிறது, யானையும் எருமையும் இறங்கியிருக்கின்றன. அவற்றின் நடுவே தாமரை பறிக்கும் மனிதரும் நிற்கின்றனர். பூவை வரைந்தவன் பூப்பறிப்பவனை விட்டுவிடவில்லை. அவன் நிற்பதனால் குளத்தின் அழகு குன்றவும் இல்லை.

இளங்கோவடிகள் கூறும் பாலையையும் இங்கே எண்ணலாம். பாலை தனக்கெனத் தனி நிலம் இல்லாதது. வளமான நிலமே முறை திரிந்து பாலையாகிறது என்பது அவர் கருத்து. கைவிடப்பட்ட தொழிற்களமும் அவ்வாறு திரிந்த ஒரு நிலம். அதனை வரைகின்றவன் திரிந்த நிலையை மட்டுமன்றி, திரிவதற்கு முன் அது என்னவாயிருந்தது என்பதையும் உணர்த்துதல் வேண்டும்.

காடாகிப்போன ஊர்

இயற்கை மீட்டுக்கொண்டது என்னும் சொல்லில் இன்னுமொரு சிக்கல் உண்டு. அதனையும் இக்கரையே நமக்குக் கற்பிக்கிறது.

முத்துப் பாசறை அமைந்த மறிச்சுக்கட்டிக்குச் சென்று பாருங்கள். அங்கும் அதனை அடுத்த கரடிக்குளி முதலிய ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் முஸ்லிம்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது இவர்களும் வெளியேறினர். 2009இல் போர் முடியும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், அவர்களுடைய வீடுகளும் வளவுகளும் ஆளின்றிக் கிடந்தன. மழை பெய்தது, மரம் வளர்ந்தது. திரும்பி வந்தவர்கள் தம் முற்றத்தில் காட்டைக் கண்டனர். 2012இலும் 2017இலும் வெளிவந்த அரச அறிவித்தல்கள் இப்பகுதியின் காடுகளைக் காப்புக்காட்டு எல்லைக்குள் சேர்த்தன. அருகே வில்பத்து வனம். காடு அழிக்கப்படுகிறது என்று ஒருசாரார் முறையிட்டனர். இது எங்கள் ஊர் என்று மறுசாரார் முறையிட்டனர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அண்மையிலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்மக்கள் 2007இல் வெளியேற நேர்ந்து, ஊர் கடற்படை முகாமாகிவிட, வீடு திரும்பப் பல்லாண்டு காத்திருந்ததும் இக்கரையின் கதையே.

காட்டின் மதிப்பை நான் குறைத்துக் கூறவில்லை. மன்னாரின் பறவைகளும் மரங்களும் காக்கப்படவேண்டியவை. ஆனால் ஓவியன் ஒருவன் 1995இலோ 2005இலோ அவ்வழியே வந்திருந்தால், கிணற்றுக்கட்டில் முளைத்த மரத்தையும் சுவரைப் பிளந்த வேரையும் கண்டு, இயற்கை மீட்ட பாழ்நிலம் என்று தலைப்பிட்டு வரைந்திருப்பான். அந்தக் கிணற்றுக்கு உரியவர் புத்தளத்தில் ஓர் ஓலைக்கொட்டிலில் தம் கிணற்றை நினைத்துக்கொண்டிருந்திருப்பார். படம் அழகாயிருந்திருக்கும்; உண்மையாயிராது. யாரும் இல்லாத நிலம் என்று ஓவியம் சொல்லுமாயின், அந்தச் சொல்லைப் பற்றிக்கொள்ளப் பிறர் காத்திருக்கின்றனர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலொன்றை இங்கே கூறவேண்டும். அதன் ஆங்கிலப் பெயரை 'முற்றுப்பெறாத தோம்பு' என்று தமிழில் சொல்லலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பதை நம்மவர் அறிவர். இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். எந்த மூலையில் அடுப்பு, எங்கே கிணறு, எங்கே மாமரம் என்று அக்கோடுகள் சொல்லும். ஓவியர் அவற்றைத் தம் சித்திரங்களோடு சேர்த்து நூலாக்கினார். கைகள் தேர்ச்சியற்றவை, கோடுகள் கோணலானவை. ஆயினும் அந்த வீடுகளை வெறும் பாழ் என்று எவரும் இனிச் சொல்ல இயலாதபடி அவை தடுக்கின்றன. ஓவியத்துக்கு இத்தகைய வலிமை உண்டு என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இனி, செய்யத்தக்கது யாது என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். படத்தின் மூலையில் முத்துக்குளிப்பவன் ஒருவனைத் திணித்து வரையுங்கள் என்று நான் கூறமாட்டேன். அவன் இன்று அங்கே இல்லை. இல்லாதவனை இருப்பதாகக் காட்டுவது நாடகமாகும். அவன் விட்டுச்சென்ற தடத்தைக் கண்டு வரைவதே வேண்டுவது.

முதலாவது, மாணவர் தூரிகையை எடுக்குமுன் இடத்தின் சொற்களைக் கற்கவேண்டும். பார், சிலாபம், கொட்டு, கடல்கட்டி என்ற சொற்களை அறிந்தவனுக்குக் கரை வேறாகத் தோன்றும். ஊரிலுள்ள முதியோரிடமும் மீன்பிடிப்போரிடமும் பேசவேண்டும். இரண்டாவது, காலடியைப் பார்க்கவேண்டும். சிலாவத்துறைப் பக்கத்து மண்ணில் சிப்பியோட்டுத் துணுக்குகள் இன்றும் கிடைக்கின்றன. சுவரைவிட அந்தத் துணுக்கே தொழிலின் கதையை நேராகச் சொல்லும். யப்பானிய ஓவியர் சிப்பியோட்டைப் பொடித்து வெண்ணிறம் செய்வது நெடுங்கால வழக்கம். நம் மாணவரும் அவ்வாறே செய்து பார்க்கலாம். அரிப்புச் சுவரை அரிப்பு மண்ணின் வெண்மையாலேயே தீட்டினால், அந்தப் படிப்பினை எந்தப் பாடநூலிலும் கிடைக்காதது. மூன்றாவது, படத்தின் கீழே இடத்தின் பெயரையும் அங்கே நடந்த தொழிலையும் ஆண்டையும் எழுதவேண்டும். 'மாலைக் காட்சி' என்று எழுதிவிட்டால் அது எந்தக் கரைக்கும் பொருந்தும். எந்தக் கரைக்கும் உரியதாகாது.

அரிப்பு ஒன்றுதானா? 1914இல் தனுஷ்கோடியோடு கப்பல் தொடர்பு தொடங்கிய தலைமன்னார் இறங்குதுறையில் கடலுக்குள் நீளும் இரும்புக் கால்கள் துருவேறி நிற்கின்றன. எதிர்க்கரையில், 1964 திசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் நிலையச் சுவர்கள் மணலில் நிற்கின்றன. அவ்வழியே தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்தனர். வடக்கே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அதற்காகத் தோண்டிய சுண்ணக்கற் பள்ளங்களில் நீர் தேங்கிப் புதர் மண்டியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரால் நிலைகுலைந்தது. இவையனைத்தும் ஓவியனுக்குக் காத்திருக்கும் இடங்கள். ஒவ்வொன்றிலும் சங்கொலி கேட்டு வேலைக்குப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு வரைவதற்கு இதுவே காலம்.

டொரிக் மாளிகைக்கோ அந்தக் காலமும் குறைவு. அலை செம்மண் மேட்டை அடியிலிருந்து அரித்துவருகிறது. சுவரின் பகுதிகள் ஏற்கெனவே கரையில் வீழ்ந்துவிட்டன. 'அரிப்பு' என்ற பெயர் இக்கட்டடத்தைப் பொறுத்தவரை மெய்யாகிறது. அடைத்துக் காக்கும் பொறுப்பு அரசினருக்கும் தொல்லியலாருக்கும் உரியது. அதனை நாம் வற்புறுத்திக் கேட்கவேண்டும். ஆனால் வரைந்து காக்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த விடுமுறையில் மன்னார், யாழ்ப்பாணம், வவுனியாப் பாடசாலைகளின் ஓவிய ஆசிரியர்கள் தம் மாணவர் சிலரையேனும் இக்கரைக்கு அழைத்து வரட்டும். ஒரு நாள் கரையைப் பார்க்கவும், ஒரு நாள் ஊராரிடம் கேட்கவும், மூன்றாம் நாள் வரையவும் ஒதுக்கட்டும். அப்படங்களை மன்னார் நகரில் ஒரு மண்டபத்தில் தொங்கவிட்டு, சிலாவத்துறையிலிருந்தும் மறிச்சுக்கட்டியிலிருந்தும் முள்ளிக்குளத்திலிருந்தும் மக்களை அழைத்துக் காட்டவேண்டும். எது விடுபட்டது என்று அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். மாணவர் மறுபடி வரையட்டும்.